நாலாயிரம் அலர்ட்டில் முதலில் எந்தப் பதினைந்தைக் காட்டுவது?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. பில்லிங், பார்மசி, லேப், ஸ்கேன், வார்டு எல்லாம் சேர்த்து 140 கம்ப்யூட்டர், 6 சர்வர். ஆள் என்று பார்த்தால் நானும், சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் ஒரு தம்பியும்தான். 2023-இல் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்த மறுவாரம், வாஸூ என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவினோம். லைசென்ஸ் பணம் கேட்காத ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏஜென்ட் என்ற சின்ன நிரல் உட்கார்ந்துகொண்டு, அங்கே நடப்பதை நடு சர்வருக்குச் சொல்லும். சர்வர் அதைத் தன்னிடம் உள்ள விதிகளோடு ஒத்துப் பார்த்து, பொருந்தினால் ஓர் அலர்ட் எழுப்பும்.

மறுநாள் காலை தம்பி, அலர்ட்டுகளைக் காட்டும் டாஷ்போர்டு திரையைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "யக்கா, நாலாயிரத்துச் சொச்சம் வந்து கெடக்கு. எதை மொதல்ல பாக்கது?"

சரியான கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு மாதம் ஆனது. உங்களுக்கு நாலு வாரத்தில் முடிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம், இதற்கு முன்பு நான் வேலை பார்த்த இடம். பெயர் வேண்டாம். அங்கேயும் கண்காணிப்பு இருந்தது. எல்லா அலர்ட்டும் எல்லாருக்கும் மெயிலில் வரும்படி வைத்திருந்தார்கள். பத்து நாளில் இன்பாக்ஸ் நிரம்பி வழிந்தது. ஒருவர் மெயிலில் ஒரு விதி போட்டு அத்தனையையும் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டார். அப்புறம் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஒரு நடுராத்திரி, வெளி ஆள் ஒருவர் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கிச் சரிபார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாரோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டு உள்ளே வந்துவிட்டார்கள். காலையில் கோப்புகள் எதுவும் திறக்கவில்லை, எல்லாம் பூட்டப்பட்டிருந்தன. மூன்று நாள் கையால் பில் எழுதினோம். பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்து தேடினால், இரவு 1.40-க்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. பலமுறை தவறான பாஸ்வேர்டு, அதைத் தொடர்ந்து வெற்றிகரமான நுழைவு என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அன்றைக்கு மட்டும் ஆறாயிரம் மெயில்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரங்கள் திருடு போனபோது, அவர்கள் வைத்திருந்த கருவி முன்கூட்டியே எச்சரித்திருந்தது. பெங்களூரிலிருந்து கண்காணித்த குழு அதைப் பார்த்துத் தலைமையகத்துக்கும் சொல்லியது. அங்கே உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை. ஆக, கருவி வாங்குவதோடு வேலை முடிவதில்லை. காலையில் திரையைத் திறந்தவுடன் கண்ணில் படும் முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

மறைப்பது வேறு, எறிவது வேறு

எதைத் தொடுவதற்கு முன்னும் இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். வாஸூவில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு நிலை எண் உண்டு. 0 என்றால் கண்டுகொள்ளாதே. 3 என்றால் சாதாரணமாக, அனுமதியோடு நடந்த ஒன்று. ஒருவர் சரியான பாஸ்வேர்டில் லாகின் செய்ததுபோல. 5 என்றால் பயனர் செய்த தவறு. 10 என்றால் அதே தவறு அடுத்தடுத்துப் பலமுறை. 12-உம் அதற்கு மேலும் போனால் முக்கியமானது. 15 என்றால் உடனே எழுந்து ஓட வேண்டியது.

முதன்மை கான்ஃபிக் கோப்பில் லாக் அலர்ட் லெவல் என்று ஓர் அமைப்பு இருக்கும். நிறுவும்போது அதில் 3 என்று இருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் இதில்தான் கை வைக்கிறார்கள். 3-ஐ 10 ஆக்கினால் திரை உடனே சுத்தமாகிவிடுமே! உண்மைதான், சுத்தமாகிவிடும். ஆனால் 10-க்குக் கீழே உள்ள எந்த அலர்ட்டும் எழுதப்படவே மாட்டாது. நாளைக்கு ஒரு பிரச்சினை வந்து, "இந்தக் கணக்கில் போன மாதம் எங்கெங்கிருந்து லாகின் ஆகியிருக்கிறது?" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. வெற்றிகரமான லாகின் எல்லாம் 3-ஆம் நிலைதான், பாருங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். தாக்குதல் நடந்தது தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். பதிவே இல்லாமல் 6 மணி நேரத்தில் என்ன சொல்வீர்கள்?

அதனால் 3 அப்படியே இருக்கட்டும். நாம் கை வைக்கப்போவது டாஷ்போர்டில், அதாவது பார்வையில் மட்டும்.

தம்பிக்கு இதைப் புரியவைக்க நான் அவனைக் காஷுவாலிட்டி வாசலுக்குக் கூட்டிப்போனேன். ராத்திரி டியூட்டி சிஸ்டரிடம் ஒரே நேரத்தில் பத்துப் பேர் வருவார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர் நேரே உள்ளே போவார். காலில் முள் குத்தியவர் பெஞ்சில் உட்காருவார். பெஞ்சில் இருப்பவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. நோட்டில் அவர் பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் எழுந்து வந்து பெஞ்சையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். "அப்போ லெவல மாத்தக் கூடாது, ஃபில்டர் போடணும்" என்றான் தம்பி. அவ்வளவுதான்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு வாரம் எண்ணுங்கள். டாஷ்போர்டில் டிஸ்கவர் பக்கத்துக்குப் போய், ரூல் ஐடி (விதி எண்) என்ற புலத்தைச் சொடுக்கினால் அதிகம் வந்த விதிகளைக் காட்டும். இல்லையென்றால் ரூல் ஐடி வாரியாக எண்ணிக்கை காட்டும் ஓர் அட்டவணையை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். எங்களிடம் வந்ததில் பெரும்பகுதி பத்தே பத்து விதிகளிலிருந்து வந்தது. லினக்ஸ் சர்வரில் தானாக ஓடும் வேலைகள் ஒவ்வொரு முறையும் செஷன் திறந்து மூடுவது 5501, 5502. விண்டோஸில் சரியாக லாகின் செய்தது 60106. இதெல்லாம் 3-ஆம் நிலை. இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஃபில்டர் போட்டதும் பின்னால் போய்விடும்.

ஆனால் பட்டியலில் மூன்றாவதாக 60122 நின்றது. விண்டோஸ் லாகின் தோல்வி, 5-ஆம் நிலை. ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில். அதையே தொடர்ந்து 60204, அதாவது அடுத்தடுத்துப் பல தோல்விகள், 10-ஆம் நிலையில் வரிசையாக வந்து நின்றது. பார்த்தவுடன் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய இடத்தில் நடந்தது மறுபடி நடக்கிறதோ என்று இருந்தது. தேடிப் பார்த்தால் எல்லாமே லேபில் உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து. ரத்தப் பரிசோதனை மெஷினோடு இணைந்த அந்தக் கம்ப்யூட்டர், ரிசல்ட்டைச் சர்வரில் ஒரு பொது ஃபோல்டரில் போட முயல்கிறது. அதில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு ஆறு மாதத்துக்கு முன்பே மாற்றப்பட்டுவிட்டது. ரிசல்ட் போகவில்லை என்று லேப் ஆட்கள் பென்டிரைவில் எடுத்துப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். பாஸ்வேர்டைச் சரிசெய்தோம், அலர்ட்டும் நின்றது, பென்டிரைவும் நின்றது.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெட்டி அலர்ட் என்று தோன்றும் ஒன்றை மறைப்பதற்கு முன்னால், அது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். பாதிக்கு மேல் ஏதோ ஒன்று உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கும். அதைச் சரிசெய்வதே அதைக் குறைக்கும் வழி. நாங்கள் அந்த ஒரு வாரத்தில் மட்டும் இப்படி ஐந்து இடங்களைச் சரிசெய்தோம்.

காலைப் பார்வை

இரண்டாவது வாரம் முதல் பார்வையை உருவாக்குங்கள். டிஸ்கவரில் ஆட் ஃபில்டர் சொடுக்கி, புலம் ரூல் லெவல், செயல் "இடையே", மதிப்பு 12 முதல் 16 வரை என்று கொடுங்கள். கால அளவு கடைசி 24 மணி நேரம். வரிசை நிலை எண்படி, பெரியது மேலே. தெரிய வேண்டிய நெடுவரிசைகள் நேரம், கம்ப்யூட்டர் பெயர், நிலை, விதியின் விளக்கம், பயனர் பெயர், எங்கிருந்து வந்தது என்ற ஐபி. இவ்வளவு போதும். அப்புறம் சேமித்துவிடுங்கள். நாங்கள் அதற்குக் 'காலைப் பார்வை' என்று தமிழிலேயே பெயர் வைத்தோம். டாஷ்போர்டு திறந்ததும் அந்தப் பக்கமே வரும்படி அதன் முகவரியைப் பிரவுசரின் முகப்பாக வைத்துவிட்டேன். தம்பி தேடிப்போய்த் திறக்க வேண்டிய பக்கமாக இருந்தால், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் திறக்க மறப்பான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 12-க்கு மேல் என்று வடிகட்டிய பிறகும் முதல் நாள் இருநூறுக்கு மேல் நின்றது. காரணம், வாஸூ பழுதுகளையும் அலர்ட்டாகவே சொல்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் பழைய பிரவுசர் இருந்தால், அதில் மிகத் தீவிரமான ஓட்டை இருக்கிறது என்று 23506 எண்ணில், 13-ஆம் நிலையில் அலர்ட் வரும். 140 கம்ப்யூட்டரிலும் பழைய பிரவுசர் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ் சரியில்லை என்று சோதித்துச் சொல்லும் எஸ்சிஏ அலர்ட்டுகள் 7, 9 என்று வரும். ஃபில்டரைக் கீழே இறக்கும்போது அவையும் வந்து அடைக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. "கதவு தாழ்ப்பாள் சரியில்லை" என்பது நிலைமை. "ராத்திரி யாரோ கதவைத் தள்ளினார்கள்" என்பது நடப்பு. இரண்டும் முக்கியம்தான். ஆனால் காலை எட்டரை மணிக்கு முதலில் தெரிய வேண்டியது நடப்பு. நிலைமையைத் தனியாக ஒரு வேலைப் பட்டியலாக வைத்து வாரம் இத்தனை கம்ப்யூட்டர் என்று சரிசெய்துகொண்டு போகலாம். ஆகவே காலைப் பார்வையில் இன்னும் இரண்டு ஃபில்டர். ரூல் குரூப் என்ற புலத்தில் வல்னரபிலிட்டி டிடெக்டர் இல்லாதவை, எஸ்சிஏ இல்லாதவை. இரண்டையும் சேர்த்து 'பழுதுப் பட்டியல்' என்று இன்னொரு பார்வை சேமித்தோம். அதைப் புதன்கிழமை மட்டும் திறப்போம்.

அன்றைக்கு இருநூற்றுச் சொச்சம் ஒன்பதாகியது. அந்த ஒன்பதையும் தம்பி ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தான்.

அடியில் கிடப்பதை மேலே தூக்குங்கள்

நிலை எண்ணை வாஸூ எழுதியவர்கள் உலகத்துக்குப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். நம் இடத்தில் எது பெரியது என்று அவர்களுக்குத் தெரியாது. வடிகட்டுபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் முழுக்க வெள்ளம். ஜங்ஷன் பக்கம் எங்களுக்கு ரத்த மாதிரி வாங்கும் சின்னக் கிளை ஒன்று உண்டு. அங்கே உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோயின. தண்ணீர் வடிந்த பிறகு, எந்தெந்த ஏஜென்ட் எப்போது தொடர்பு இழந்தது என்று பட்டியல் எடுத்தேன். எல்லாம் 17-ஆம் தேதி இரவிலிருந்து. ஒன்று மட்டும் 14-ஆம் தேதியிலிருந்தே பேசவில்லை. அதுவும் கிளையில் உள்ளது அல்ல. மருத்துவமனையிலேயே உள்ள பேக்கப் சர்வர். மழைக்கு மூன்று நாள் முன்பு ஏதோ மென்பொருள் மாற்றவந்த ஆள் ஏஜென்ட்டை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடவிடாமல் போயிருக்கிறார். அத்தனை நாளும் அந்தச் சர்வரில் என்ன நடந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. காலைப் பார்வை மட்டும் சுத்தமாக, அழகாக இருந்தது.

ஏனென்றால் ஏஜென்ட் தொடர்பு இழந்தது என்ற 504-ஆம் விதியும், ஏஜென்ட் நிறுத்தப்பட்டது என்ற 506-ஆம் விதியும் 3-ஆம் நிலை. உள்ளே வருபவன் முதலில் கண்காணிப்பைத்தான் நிறுத்துவான். பேசாமல் போன சர்வரைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது?

சரி, தூக்குவது எப்படி? வாஸூவோடு வரும் விதிக் கோப்புகளில் நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த அப்கிரேடில் உங்கள் திருத்தம் போய்விடும். லோக்கல் ரூல்ஸ் என்று நம் சொந்த விதிகளுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 100000-க்கு மேல், 120000-க்குள் ஓர் எண் கொடுத்துப் புது விதி எழுதுங்கள். இஃப் எஸ்ஐடி என்ற இடத்தில், அதாவது எந்த விதியின் மேல் இது எழுதப்படுகிறது என்ற இடத்தில், 504. மேட்ச் என்ற இடத்தில் சர்வரின் பெயர். லெவல் 12. விளக்கத்தில் "சர்வர் பேசவில்லை, உடனே பார்க்கவும்" என்று எழுதுங்கள்; ராத்திரி தூக்கத்தில் படித்தாலும் புரிய வேண்டும். 506-க்கும் அதேபோல ஒன்று. 6 சர்வருக்கு மட்டும் இதைச் செய்தோம். வார்டு கம்ப்யூட்டர்களுக்குச் செய்யவில்லை. சாயங்காலம் அணைத்துவிட்டுப் போவார்கள், ஒவ்வொன்றும் அலர்ட் அடிக்கும்.

இதே மாதிரி நாங்கள் தூக்கிய மற்றவை மூன்று. பேக்கப் சர்வரில் யார் லாகின் செய்தாலும், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும், 12. அந்தச் சர்வரில் கை வைக்க இரண்டே பேருக்குத்தான் வேலை இருக்கிறது. விண்டோஸில் பாதுகாப்புப் பதிவையே யாராவது அழித்தால், நிகழ்வு எண் 1102, அதற்கு 14. அப்புறம் வெளியிலிருந்து வந்து பழுது பார்ப்பவர்களுக்குக் கொடுத்திருக்கும் கணக்குகள் இரவு எட்டு மணிக்கு மேல் லாகின் ஆனால் 12. விதியிலேயே நேரம் குறிக்க இடம் இருக்கிறது. உங்கள் இடத்தில் இந்தப் பட்டியல் வேறாக இருக்கும். அரிசி ஆலை அலுவலகமாக இருந்தால் கணக்கு சர்வர். கல்லூரியாக இருந்தால் மதிப்பெண் சர்வர். இது நடந்தால் நாளைக்கு வேலையே ஓடாது என்று சொல்லக்கூடிய நாலைந்தை ஒரு தாளில் எழுதுங்கள், அவை எந்த நிலையில் கிடக்கின்றன என்று தேடுங்கள், 12-க்குக் கீழே இருந்தால் தூக்குங்கள்.

குறைக்கும்போது

சில விஷயங்களைச் சரிசெய்ய முடியாது, ஆனாலும் அவை மேலே வந்து நிற்கும். எங்களிடம் பில்லிங் கவுண்டரில் ஒரு பழைய கம்ப்யூட்டர்; கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும்போதெல்லாம் பிரிண்டர் சேவை விழுந்து எழும். அப்போது பிழைகள் அடுத்தடுத்து வந்ததாக 10-ஆம் நிலையில் அலர்ட் வரும். புது யூபிஎஸ் வரும்வரை அதைக் குறைக்க வேண்டியிருந்தது.

குறைப்பதென்றால் மிகவும் ஒடுக்கமாகக் குறையுங்கள். "இந்த விதி வேண்டாம்" என்று மொத்தமாக அல்ல. "இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, இந்தச் சேவையின் பெயரோடு வந்தால்" என்று எழுதி நிலை 4 கொடுங்கள். 0 கொடுக்காதீர்கள். 0 என்றால் அது பதிவாகாமலே போய்விடும்.

லாகின் தோல்விகளை மட்டும் நான் விதியில் குறைப்பதே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. லினக்ஸ் சர்வரில் இல்லாத பயனர் பெயரில் ஒருவர் முயன்றால் 5710, 5-ஆம் நிலை. அதே 5710 இரண்டு நிமிடத்துக்குள் அடுத்தடுத்து வந்தால் வாஸூ எண்ணிப் பார்த்து 5712 என்று 10-ஆம் நிலையில் எழுப்பும். நாம் நடுவில் புகுந்து 5710-க்கு மேல் ஒரு சொந்த விதி எழுதினால், அந்த நிகழ்வு நம் புது எண்ணுக்குப் போய்விடும். 5712-இன் எண்ணிக்கையில் அது சேராது. சின்னதை மறைக்கப் போய்ப் பெரியதைக் குருடாக்கிவிடுவோம். 5-ஆம் நிலை எப்படியும் காலைப் பார்வையில் வராது. அதை விட்டுவிடுங்கள்.

குறைத்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். விதி எண், எந்தக் கம்ப்யூட்டர், ஏன், யார் சொன்னது, எந்தத் தேதி வரை. கடைசியில் உள்ள தேதிதான் முக்கியம். வாஸூவில் விதி தானாகக் காலாவதி ஆகாது. பில்லிங் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வந்த மறுநாள் தம்பியே நோட்டைப் பார்த்து அந்த விதியை எடுத்துவிட்டான்.

மெயிலும் போனும்

இதில் அதிகம் சொல்ல இல்லை. மெயில் அனுப்பும் நிலை நிறுவும்போதே 12 என்று இருக்கும், அப்படியே விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 12 மெயில் என்று ஒரு வரம்பும் இருக்கும், அதற்கு மேல் வந்தால் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும். அந்த வரம்பை ஏற்ற வேண்டும் என்று தோன்றினால் உங்கள் வடிகட்டல் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். பழுது அலர்ட்டுகள் 13-ஆம் நிலை என்பதால் அவை மெயிலில் வராமல் தனியாக விலக்க மறக்காதீர்கள். மெயில் இரண்டு பேருக்குப் போகட்டும். பத்துப் பேருக்குப் போனால் மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ராத்திரியில் என் போன் அடிப்பது மூன்றுக்கு மட்டும். சர்வர் பேசவில்லை, பதிவு அழிக்கப்பட்டது, பல தோல்விக்குப் பின் வெற்றி. இந்த மூன்றாவது 40112. அது தொடக்கத்திலேயே 12-ஆம் நிலையில் இருக்கிறது. பழைய இடத்தில் அந்த ராத்திரி யாரும் பார்க்காமல் போனது இதே மாதிரியான அலர்ட்டைத்தான்.

வேலை செய்கிறதா என்று பாருங்கள்

வடிகட்டிய திரை காலியாக இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை, அல்லது நடந்தது நமக்குத் தெரியவில்லை. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை நாமே தட்டிப் பார்க்கிறோம். சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒரு லேப்டாப்பிலிருந்து இல்லாத பெயரில் சர்வருக்கு விறுவிறுவென்று பத்துத் தடவை லாகின் முயல வேண்டும். 5712 வந்ததா? ஒரு சர்வரின் ஏஜென்ட்டை நிறுத்தி, காலைப் பார்வையில் வருகிறதா, போன் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை போன் அடிக்கவில்லை. மெயில் கணக்கின் பாஸ்வேர்டு மாற்றியதில் அனுப்புவதே நின்றுபோயிருந்தது. சோதிக்காமல் இருந்திருந்தால் எத்தனை நாள் அப்படியே கிடந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

புது விதி எழுதினால் உடனே ஓடவிடாதீர்கள். வாஸூவோடு லாக்டெஸ்ட் என்ற கருவி வருகிறது. உண்மையான லாக் வரி ஒன்றை அதில் ஒட்டினால் எந்த விதி பிடிக்கிறது, என்ன நிலை என்று காட்டும். அதே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டி, எண்ணும் விதி எழுகிறதா என்றும் பார்க்கலாம். அதில் சரியாக வந்த பிறகு, நடு சர்வரில் ஓடும் வாஸூ மேனேஜர் என்ற நிரலை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் பெஞ்சைப் பார்ப்பது

சிஸ்டர் எழுந்து வந்து பெஞ்சைப் பார்ப்பார் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு எங்களுக்கு வெள்ளிக்கிழமை மதியம் மூன்றிலிருந்து நாலு. ஓபி கூட்டம் குறைந்திருக்கும், பிரிண்டர் ரிப்பேர் என்று கூப்பிட மாட்டார்கள். அந்த நேரத்தில் ஃபில்டரைத் தலைகீழாக்கி, 3 முதல் 11 வரை, கடைசி ஏழு நாள் என்று வைப்போம். ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. ரூல் ஐடி வாரியாக எண்ணிக்கை அட்டவணை எடுத்து, போன வார அட்டவணையின் பக்கத்தில் வைப்போம். மூன்று கேள்விதான். போன வாரம் இல்லாத புது எண் ஏதும் வந்திருக்கிறதா? வழக்கமான எண் ஏதும் இரண்டு மூன்று மடங்காகியிருக்கிறதா? வழக்கமாக வரும் எண் ஏதும் திடீரென்று நின்றுபோயிருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைத் தம்பிதான் சேர்த்தான். ஒரு வாரம் ஸ்கேன் அறைச் சர்வரிலிருந்து 60106 வரவேயில்லை. "யக்கா, இங்க ஒருத்தரும் ஒரு வாரமா லாகினே பண்ணலையாம். ஸ்கேன் எடுத்துக்கிட்டுத்தான இருக்காங்க?" போய்ப் பார்த்தால், ஒரே ஆளின் கணக்கைப் பூட்டாமல் திறந்தபடியே வைத்து மூன்று ஷிப்டும் அதிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த விதியும் அதைப் பிடித்திருக்காது.

எல்லையை எப்போது இறக்குவது? காலைப் பார்வையில் ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் வரக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். காலை ஒரு மணி நேரத்தில் ஒருவர் ஒவ்வொன்றையும் உண்மையிலேயே திறந்து பார்க்க முடிகிற அளவு அதுதான். தொடர்ந்து இரண்டு வாரம் ஐந்துக்குக் கீழே நின்றால் எல்லையை ஒரு படி இறக்குவோம். 12-இலிருந்து 10-க்கு வர ஐந்து வாரம் ஆனது. 10-இலிருந்து 7-க்கு வர அடுத்த இரண்டரை மாதம். 7-இல் கோப்பு மாறியது என்ற 550-ஆம் விதி வருகிறது. விண்டோஸ் அப்டேட் ஓடிய மறுநாள் அது கொட்டும். அதனால் அப்டேட்டை இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை இரவுக்கு மாற்றி, மறுநாள் வரும் 550 எதனால் என்று முன்கூட்டியே நோட்டில் குறித்துவிடுகிறோம். மற்ற நாளில் 550 வந்தால் கட்டாயம் பார்க்கிறோம்.

இப்போது காலைப் பார்வை 7-இல் நிற்கிறது. இன்று காலை அதில் பதினொன்று இருந்தது. பத்தை நாங்கள் ஒன்பதரைக்குள் முடித்துவிட்டோம். பதினொன்றாவது, பார்மசி கம்ப்யூட்டரில் அப்டேட் எதுவும் ஓடாதபோது வந்த 550. அதைப் பார்க்கத் தம்பி இப்போதுதான் மாடிப்படி இறங்கிப் போயிருக்கிறான்.